முதல் வகுப்புக்கு அனுப்பும் முன்: டப்பா மூடியிலிருந்து தொண்ணூறு வரை

ஜூன் மாதம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் எங்களிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "அ, ஆ எல்லாம் எழுதுவான் டீச்சர். நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லுவான்." நல்லது. ஆனால் எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. சாப்பாட்டு டப்பாவைத் தானே திறப்பானா? கால்சட்டைப் பட்டனைக் கழற்றித் திரும்பப் போடுவானா? "ஒண்ணுக்கு வருது" என்று வாய்திறந்து கேட்பானா? மூக்கு ஒழுகினால் துடைத்துக்கொள்வானா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், தமிழ்நாட்டுக் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஏராளமானவை ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படியே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் ஒரு குழுவோடு பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எழுத்துச் சொல்லித்தருவார். மற்றக் குழுக்கள் அதுவரை தம் வேலையைத் தாமே பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஷூ மாட்டிவிட, பட்டன் போட்டுவிட, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுக்க மூன்று நிமிடம் போகிறது என்று வையுங்கள். இருபது பிள்ளைக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் வாசிப்பிலிருந்தும் கணக்கிலிருந்தும்தான் கழிகிறது. தனியார் பள்ளியில் ஆயா இருப்பார், அங்கே இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் எல்லாவற்றுக்கும் பெரியவர் கையை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளை, எழுதும்போதும் "டீச்சர், அடுத்து என்ன?" என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அது எந்தப் பள்ளியிலும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், ஒரு புகைப்படம் கொண்டுவாருங்கள். வயதுச் சான்று கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே காகிதம் வரட்டும் என்று காத்திருந்து முதல் மாதத்தை இழந்துவிடாதீர்கள்.

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது

தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். டப்பாவிலிருந்தே தொடங்கலாம். சோற்றைச் சூடாகப் போட்டு உடனே மூடினால், ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி இறுகிக்கொள்ளும். மதியம் பெரியவர்களுக்கே கை வலிக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு மூடுங்கள். பக்கவாட்டில் கொக்கி போடும் டப்பாவை விட, விளிம்பில் பிடித்துத் தூக்கும்படியான எவர்சில்வர் டப்பா ஐந்து வயதுக் கைக்கு எளிது. வாங்கிய புது டப்பாவில் வீட்டிலேயே நான்கு நாள் சாப்பிடச் சொல்லுங்கள். தானாகத் திறந்து, சிந்தாமல் சாப்பிட்டு, திரும்ப மூடிப் பையில் வைக்க வேண்டும். பலரும் திறக்கப் பழக்கிவிட்டு மூடப் பழக்குவதில்லை. சரியாக மூடாத டப்பாவிலிருந்து வழியும் ரசம் அன்றைக்குப் பாடப் புத்தகத்தில்தான் ஊறுகிறது.

கால்சட்டைக்கு முதல் பருவம் முழுக்க எலாஸ்டிக் இடுப்பே வையுங்கள். பள்ளியில் தரும் சீருடையில் கொக்கியோ இறுக்கமான பட்டனோ இருந்தால் தையற்காரரிடம் கொடுத்து மாற்றிவிடலாம், அதனால் ஒன்றும் குறையாது. முதல் மூன்று மாதத்தில் உடையிலேயே சிறுநீர் போய்விடும் பிள்ளைகளில் பாதிப் பேர் நேரத்துக்குக் கேட்டவர்கள்தான். ஓடிப்போய் கொக்கியோடு போராடுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. இன்னொன்று, வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை மட்டுமே பழகிய பிள்ளை பள்ளியில் குந்தி உட்காரும் கழிப்பறையைப் பார்த்துப் பயந்து நாள் முழுக்க அடக்கிவைத்திருக்கும். தண்ணீரும் குடிக்காது. மாலையில் வயிறு வலி என்று அழும். உறவினர் வீட்டிலோ, பேருந்து நிலையத்திலோ ஒருமுறை கூடவே இருந்து பழக்கிவிட்டால் பயம் தெளிந்துவிடும். பையில் ஒரு பாலிதீன் உறையில் மாற்று உள்ளாடையும் கால்சட்டையும் இருக்கட்டும். அதை எடுத்துக்கொள்ளலாம், திட்டு விழாது என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

ஷூவுக்குக் கயிறு வேண்டாம், ஒட்டும் பட்டை போதும். இடது வலது தெரியவில்லை என்றால் இரண்டு ஷூவின் உள்பக்கமும் சேருமாறு பேனாவால் ஒரே பூவின் இரண்டு பாதியை வரைந்துவிடுங்கள். பூ சேர்ந்தால் கால் சரி. பெயரை மார்க்கரால் எழுதினால் மூன்று துவைப்பில் போய்விடும். காலரின் உட்புறம் பெயரின் முதல் எழுத்தை வண்ண நூலால் தைத்துவிட்டால் வருடம் முழுக்க இருக்கும். வகுப்பில் இருபது பேருக்கும் ஒரே நிறச் சீருடை, ஒரே பை, ஒரே மாதிரி நோட்டு என்பதை நினைவில் வையுங்கள்.

எழுதும் கைக்குத் தயாரிப்பு பென்சிலில் தொடங்குவதில்லை. கடலை உரிக்கட்டும், பட்டாணி பிரிக்கட்டும், அரிசியில் கல் பொறுக்கட்டும், கோலமாவைக் கிள்ளிப் புள்ளி வைக்கட்டும். பென்சில் பிடிப்பதற்கு வேண்டிய கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பலம் இங்கேதான் வருகிறது. முழு நீளப் பென்சிலைக் கொடுத்தால் பிள்ளை முஷ்டியில் பிடிக்கும். விரல் நீளத் துண்டு கிரையானைக் கொடுங்கள், பிடிக்க வேறு வழியே இல்லாமல் மூன்று விரல் சேரும். இடது கைப் பிள்ளையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். நோட்டைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், ஆசிரியரிடமும் முன்கூட்டிச் சொல்லுங்கள். வரிசையின் இடது ஓரத்தில் உட்காரவைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

வாசலில் அழும் பத்து நாள்

அழுகை இயல்புதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்தில் அடங்கும். நீளுவதற்குக் காரணம் பல நேரம் வாசலில் நடப்பதுதான். "இதோ கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நழுவும் அப்பாவை, அடுத்த நாள் பிள்ளை சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாது. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் பாட்டியைக் கண்டதும், அப்போதுதான் பாட்டில் லயித்திருந்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "அழுதா டீச்சர் அடிப்பாங்க", "போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்" என்ற இரண்டும் எங்கள் வேலையை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. யாரை நம்பி நாள் முழுக்க இருக்க வேண்டுமோ, அந்த ஆளையே பூச்சாண்டி ஆக்கிவிடுகிறோம்.

பிள்ளைக்கு மணி தெரியாது. "நாலு மணிக்கு வரேன்" என்றால் ஒன்றும் புரியாது. நடக்கப்போவதை வரிசையாகச் சொல்லுங்கள்: "பாட்டு பாடுவீங்க, சாப்பிடுவீங்க, விளையாடுவீங்க, பெரிய மணி அடிக்கும். அப்போ அம்மா இந்த வேப்பமரத்தடியில நிப்பேன்." சொன்ன இடத்தில் சொன்னபடி நில்லுங்கள். முதல் பத்து நாள் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுங்கள். எல்லாரும் போய்த் தான் மட்டும் நிற்கும் அந்தக் கால் மணி நேரம் மறுநாள் காலை அழுகையாக வரும். கூட்டிப்போக வேறு ஆள் வருவதானால் காலையிலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள். "மாமா" என்று பிள்ளையே ஓடினாலும், நீங்கள் சொல்லாத ஆளோடு நாங்கள் அனுப்ப மாட்டோம். அதற்காகக் கோபப்பட வேண்டாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்

நேரம் பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடச் சாம்பார் இருக்கும். வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறிவிடுவார்கள் என்பதால் தாமதமாக வரும் பிள்ளை சாப்பாட்டையும் இழக்கும், இறைவணக்கத்தையும் இழக்கும். வீட்டில் நான்கு வாய் திணித்து அனுப்பிவிட்டு, "அங்கே போய் வாங்கிச் சாப்பிடாதே" என்று சொல்லும் வீடுகள் உண்டு. நண்பர்கள் எல்லாரும் தட்டோடு உட்காரும்போது ஒரு பிள்ளை சுவர் ஓரம் நிற்பதைப் பார்க்க எங்களுக்கு மனசு ஆகாது. ஒன்று வீட்டில், அல்லது பள்ளியில் என்று முடிவு செய்து எங்களுக்கும் சொல்லிவிடுங்கள். மதிய உணவில் முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், வருகைப் பதிவு. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் அம்மா" என்று சொல்ல வேண்டும். இதில் ஒரு சின்னச் சிக்கல். வீட்டில் "அம்மு", "தம்பி", "குட்டி" என்றே கூப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பதிவேட்டில் இருக்கும் பெயர் தன்னுடையது என்றே தெரியாது. மே மாதத்திலேயே முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்குங்கள். அப்பா பெயர், ஊர்ப் பெயர், ஒரு கைப்பேசி எண் இவையும் தெரிந்திருந்தால் திருவிழாக் கூட்டத்திலும் உதவும்.

வகுப்பில் நடப்பது எண்ணும் எழுத்தும் திட்டம். 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியது, ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்காக. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து வாசிக்கவும் எளிய கணக்குப் போடவும் வேண்டும் என்பதுதான் இதன் குறி. பாட்டு, கதை, பொம்மை, அட்டை என்று ஓடும். மாலையில் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் எழுதலையா? சும்மா பாட்டுப் பாடிட்டு வந்தியா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பாட்டில் எட்டு முறை வந்த ஓர் எழுத்தை அன்றைக்கு அவன் காதால் பிடித்திருப்பான். "அந்தப் பாட்டை எனக்குப் பாடிக் காட்டு" என்று கேளுங்கள். பாடினால் பாடம் நடந்திருக்கிறது.

பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் குழுவாக உட்காருவார்கள். "பக்கத்து வீட்டுப் பொண்ணு மலர், எங்க பையன் மட்டும் ஏன் அரும்பு?" என்று வருத்தத்தோடு வருகிறார்கள். அது மதிப்பெண் அல்ல. இன்றைக்கு எந்த இடத்திலிருந்து சொல்லித்தர வேண்டும் என்பதற்கான அடையாளம் அவ்வளவுதான். தமிழில் மொட்டாகவும் கணக்கில் மலராகவும் ஒரே பிள்ளை இருக்கும். தவறு நடப்பது வீட்டில் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடும்போது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லப் பழகிவிடும். தெரியவில்லை என்று சொல்லாத பிள்ளைக்குச் சொல்லித்தருவதுதான் ஆகக் கடினம்.

எழுத்து தெரியும், வாசிக்கத் தெரியாது

இந்தப் பிரச்சினையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் நல்ல மனதோடு செய்யும் உதவியே இதை உண்டாக்குகிறது. 'பட்டம்' என்று எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொல்கிறீர்கள். பிள்ளை சொல்கிறது: "ப... இட்... ட... இம்." எல்லா எழுத்தும் சரி. "சேர்த்துச் சொல்லு, என்ன வார்த்தை?" பதில் இல்லை. மெய்யெழுத்தை நாம் இக், இங், இச், இட் என்று இகரம் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எழுத்தின் பெயராக அது சரி. சொல்லுக்குள் அந்த 'இ' கிடையாது. பிள்ளையின் காதில் 'பஇட்டஇம்' என்று விழுகிறது. அப்படி ஒரு சொல்லை அது கேட்டதே இல்லை.

இதற்கு வழி கட்டைவிரல்தான். 'டம்' என்ற பகுதியை விரலால் மூடுங்கள். 'பட்' மட்டும் தெரியட்டும். அதை இரண்டு எழுத்தாக இல்லாமல் ஒரே தட்டாக, கை தட்டிக்கொண்டே சொல்லுங்கள்: "பட்". விரலை நகர்த்துங்கள்: "டம்". இரண்டு தட்டு: "பட்-டம்". பிள்ளை தானாகவே "பட்டம்!" என்று சொல்லிவிடும். அதே மாதிரி பக்கம், மட்டம், கட்டம், தப்பு, அம்மா. ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும், ஆறாவது வேண்டாம். மெய்யெழுத்தைத் தனியே சொல்ல விடாமல் முன் எழுத்தோடு ஒட்டியே சொல்லவைத்தால், பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் பிடித்துவிடும்.

அடுத்த தடை கொம்பு. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் க் ஒலி முதலில் வருகிறது, ஆனால் எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. 'கொ', 'கோ' இரண்டிலும் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. பிள்ளை ஒலிக்கும் வரிசையிலேயே எழுதி, கொம்பைப் பின்னால் போடும். அது சோம்பலோ கவனக்குறைவோ அல்ல, காதை நம்பி எழுதுகிறது. அட்டையில் கொம்பைத் தனியாகவும் க, த, ப, ம என்ற எழுத்துகளைத் தனியாகவும் வெட்டிவைத்து, நகர்த்தி நகர்த்திச் சேர்க்கச் சொன்னால் ஒரு வாரத்தில் இடம் பழகிவிடும்.

அதைவிடக் கடினம் உகர வரிசை. 'கா, தா, பா' எல்லாவற்றுக்கும் ஒரே துணைக்கால். ஆனால் உகரத்துக்கு ஒரே குறி கிடையாது. பு, சு, யு, வு ஆகியவற்றில் கோடு கீழே இறங்கும். து, நு, லு, னு ஆகியவற்றில் சுழித்து வலப்பக்கம் மேலேறும். கு, டு, மு, ரு, ழு, ளு வேறொரு வளைவு. எழுத்துக்கு எழுத்து தனியாகத்தான் பழக வேண்டும். ஆகவே 'கா' வரிசையை இரண்டு நாளில் பிடித்த பிள்ளை 'கு' வரிசைக்கு மூன்று வாரம் எடுத்தால் பின்தங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரே வகைக் குறி உள்ளவற்றைக் குழுவாக எழுதவையுங்கள். அகர வரிசைப்படி கு, ஙு, சு என்று போனால் மூன்றாவது எழுத்திலேயே குழப்பம்.

தாத்தா பாட்டி சொல்லித்தரும் வீட்டில் இன்னொன்று கவனியுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் முன் ணை, லை, ளை, னை எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போன்ற வளைவு இருந்தது. தாத்தா கை அப்படியே எழுதும். பிள்ளை புத்தகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று பார்த்து விழிக்கும். தாத்தா வாசித்துக்காட்டட்டும், கதை சொல்லட்டும், எழுத்துக்கு மட்டும் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைப்பதை நிறுத்துங்கள். கை நகர்கிறது, கண் வேறெங்கோ இருக்கிறது. எழுத்து எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒரு சிவப்புப் புள்ளியும் அம்புக்குறியும் காட்டிவிடும். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்த நோட்டில் 'ட' சரியாகத் தெரியலாம், ஆனால் கீழிருந்து மேலே எழுதியிருக்கும். அந்தப் பழக்கம் மூன்றாம் வகுப்பில் வேகமாக எழுதும்போது தலை தூக்கும்.

ஒன்றாம் வகுப்பு முடிவில் நான்கைந்து எளிய சொற்கள் உள்ள வாக்கியத்தைப் புரிந்து வாசித்தால் நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் என்று சொல்கிறது. தமிழில் 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பது ஒரே சொல். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை விரட்டாதீர்கள். வாசித்து முடித்ததும் "யார் வந்தாங்க?" என்று கேளுங்கள். பதில் வந்தால் வேகம் தானாக வரும்.

நூறு வரை சொல்வதும் நூறு தெரிவதும்

நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் பதினேழு புளியங்கொட்டை எண்ணிக் கொடுக்கச் சொன்னால், வாய் ஒரு வேகத்தில் போகும், விரல் ஒரு வேகத்தில் போகும். ஒரு கொட்டை, ஒரு எண் என்ற பொருத்தம் முதலில் வர வேண்டும். எண்ணிய கொட்டையைத் தொட்டு மறுபக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். சும்மா சுட்டிக்காட்டுவதால் போதாது. பிறகு பத்துப் பத்தாகக் கட்டுதல். தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு வெட்டி, பத்தைச் சேர்த்து ரப்பர் பேண்டு போடுங்கள். ஒன்பது கட்டும் ஒன்பது தனிக் குச்சியும் வீட்டில் இருந்தால் 99 வரை கையால் தொடலாம்.

"அறுபத்து மூன்று எழுது" என்றால் 603 என்று எழுதும் பிள்ளை நிறைய. காதில் 'அறுபது', 'மூன்று' என்று இரண்டு எண் கேட்கிறது, இரண்டையும் எழுதிவிடுகிறது. தப்பு என்று அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக்காட்டுவதால் பயனில்லை. ஆறு கட்டையும் மூன்று குச்சியையும் எடுத்து வைக்கச் சொல்லி, "எத்தனை கட்டு? எத்தனை தனி?" என்று கேட்டு அதன் கீழேயே எழுதச் சொல்லுங்கள்.

89க்குப் பிறகு எல்லாப் பிள்ளையும் தடுக்கி விழும். இது நம் மொழியில் உள்ள ஒரு மேடு. எழுபது, எண்பது என்று வந்துவிட்டு, அடுத்து ஒன்பதைக் காணோம், 'தொண்ணூறு' வருகிறது. அதற்குள் 'நூறு' வேறு ஒலிக்கிறது. அப்படியே தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. பிள்ளை 'எண்பத்துப் பத்து' என்று சொன்னால் சிரிக்காதீர்கள், அது கணக்காக யோசித்துத்தான் சொல்கிறது. ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து, "இதுக்குப் பேர்தான் தொண்ணூறு. இன்னும் ஒரு கட்டு வந்தாத்தான் நூறு" என்று சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம், பை, தூக்கம்

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மத்திய அரசின் சுற்றறிக்கையும் அதையே சொல்லி, இந்த வகுப்புகளுக்குப் பை ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. மூன்று பருவமாகப் புத்தகம் பிரிந்திருப்பதால் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. ஆனாலும் பையைத் தூக்கிப் பார்த்தால் போன பருவப் புத்தகம், காலித் தண்ணீர்ப் பாட்டில், பொம்மை, உடைந்த பலகை எல்லாம் இருக்கும். ஞாயிறு மாலை பையைக் கவிழ்த்துக் கொட்டி, பிள்ளையே அடுக்கட்டும். இரவு எடுத்துவைத்த பை காலையில் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டுப்பாடம் இல்லை என்றால் வீட்டில் வேலை இல்லை என்று ஆகாது. பத்து நிமிடம் கதை சொல்லுங்கள் அல்லது வாசித்துக்காட்டுங்கள். ஐந்து சொல் வாசிப்பு. கடைக்குப் போகும்போது பத்து ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம் என்று ஒரு கணக்கு. இவ்வளவுதான். இரண்டு பக்கம் 'அ' எழுதவைத்தால் முதல் வரி நன்றாக இருக்கும், கடைசி வரி கோணும். அதாவது கடைசியில் பழகியது கோணல் எழுத்துத்தான். ஒரு வரி போதும். அதில் மிக அழகான எழுத்தைப் பிள்ளையையே வட்டம் போடச் சொல்லுங்கள்.

இரவு ஒன்பதுக்குள் தூங்க வேண்டும். கைப்பேசி பார்த்துப் பதினொரு மணிக்குத் தூங்கிய பிள்ளை எது என்று காலை பதினொரு மணிக்கு எங்களுக்குத் தெரிந்துவிடும். சுவரில் சாய்ந்துகொண்டிருக்கும்.

வராத நாளும் வரக் கூடாத நாளும்

திங்கட்கிழமை விடுப்பு எடுக்கும் வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். ஊருக்குப் போனோம், கறி விருந்து, இரவு வர முடியவில்லை என்கிறார்கள். வாரத்தின் புது எழுத்து பல வகுப்புகளில் திங்களன்றுதான் அறிமுகமாகும். செவ்வாயன்று வரும் பிள்ளை, எல்லாரும் எழுதுவதைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கும். பத்துத் திங்கள் போனால் பத்து எழுத்து ஓட்டை. வர முடியாவிட்டால் அன்றைக்கே கேட்டு, அந்த எழுத்தை வீட்டில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மறுபக்கம், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அனுப்பாதீர்கள். நான்கு மணி நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கி, மதியம் பாயில் சுருண்டு கிடக்கும். மருந்து இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள். மெட்ராஸ் ஐ என்றால் கண்ணில் நீரும் பீளையும் நிற்கும் வரை வீட்டில் இருக்கட்டும். அம்மை போட்டால், தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து அனுப்ப வேண்டாம், கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போட வேண்டிய டிபிடி இரண்டாம் ஊக்கத் தடுப்பூசியைப் பள்ளி சேரும் அவசரத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

பல்பம், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்னும் பிள்ளையை அடித்துப் பயனில்லை. இரத்தசோகை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள். பள்ளியில் பூச்சி மாத்திரை தரும் நாளிலும், வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை தரும் நாளிலும் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு அன்று உடம்பு சரியில்லை என்றால் முன்பே சொல்லுங்கள். கண் பார்வைக் குறையைப் பிள்ளை சொல்லாது, உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். கரும்பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினால், தொலைக்காட்சிக்கு முன் போய் உட்கார்ந்தால், ஒரு கண்ணைச் சுருக்கினால், கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆசிரியரிடம் பேசுவது

"ரெண்டு கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க டீச்சர்." அன்போடும் நம்பிக்கையோடும் சொல்வதுதான், எங்களுக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை அதைச் சொல்லுக்குச் சொல் கேட்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலையோ மனதையோ வருத்தும் தண்டனையைத் தடை செய்கிறது. அதையும் தாண்டி, பயந்த பிள்ளை வாசிக்காது. தெரிந்த எழுத்தும் தொண்டையில் நின்றுவிடும். எந்தப் பள்ளியிலாவது பிள்ளையை அடித்தார்கள் என்று தெரிந்தால் முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். தீரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு, குடிநீர்க் குழாய், சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் கேட்கும் இடம் அது. கூட்டத்துக்கு வாருங்கள்.

எங்களிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு, ஆனால் பலரும் மறைக்கிறார்கள். வலிப்பு வந்தது, ஆஸ்துமா, ஏதோ ஓர் உணவு ஒத்துக்கொள்ளாது, வீட்டில் ஒரு சாவு, அப்பா வெளியூர் போய்விட்டார், புதுத் தம்பி பிறந்திருக்கிறான். தம்பி பிறந்த வாரத்தில் மறுபடி உடையை நனைக்கும் பிள்ளையை நாங்கள் வேறு மாதிரி பார்த்துக்கொள்ள முடியும், தெரிந்தால். காலை மணி அடிக்கும் நேரத்தில் வாசலில் நின்று சொல்லாதீர்கள், அப்போது முப்பது பிள்ளைகள் எங்கள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மாலை விட்ட பிறகு ஐந்து நிமிடம் இருங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்பதைவிட, "இந்த வாரம் எந்த எழுத்தில் தடுமாறுகிறான், வீட்டில் நான் எதைப் பார்க்கட்டும்?" என்று கேளுங்கள். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தையே காட்டிவிடுவோம்.